பழைய லாரி வாங்குவோர் கவனத்திற்கு: காது போதாது, கருவியும் வேண்டும்

மாட்டுச் சந்தைக்குப் போகும் விவசாயி, மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. சுழி பார்ப்பார், குளம்பு பார்ப்பார், நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். ஏரில் பூட்டி ஓட்டிப் பார்த்த பிறகே விலையை முடிப்பவர்களும் உண்டு. அதே விவசாயி, ஊரில் நாலைந்து பேருடன் பணம் சேர்த்துக்கொண்டு பழைய மினி லாரி வாங்கச் சென்னைக்குப் போகும்போது, பெயிண்ட்டையும் டயரையும் மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்து விடுகிறார்.

மாட்டுக்குப் பல் எப்படியோ, டீசல் லாரிக்கு இஞ்சினின் கம்ப்ரஷன் அப்படி. அதைக் கருவி வைத்து அளக்காமல் பழைய வண்டிக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. அதை அளக்காமல் இஞ்சினைப் பிரித்துப் போடவும் சம்மதிக்கக் கூடாது. வாங்கிய பிறகு டாஷ்போர்டில் உள்ள மீட்டர்களைச் சாகவிடக் கூடாது. சிறு விவசாயிகள் இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் புகையாகப் போவதைத் தடுக்கலாம்.

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் கீரை, வெண்டை, கத்தரி, முள்ளங்கி பயிரிடுவோருக்கு மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகள் இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள சந்தைகள். நகரின் காய்கறி மொத்த வியாபாரம் 1996-ஆம் ஆண்டு கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறியது. மொத்த வியாபாரியிடம் போட்டால் ஒரு விலை. விடியுமுன் மயிலாப்பூருக்கோ தியாகராய நகருக்கோ நேரே கொண்டு போய்ச் சில்லறை வியாபாரியிடம் கொடுத்தால் வேறு விலை. இந்த வித்தியாசத்தைக் கருதித்தான் பல ஊர்களில் விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து சொந்த வண்டி வாங்க முன்வருகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அறுத்துக் கட்டிய கீரை அரை நாள் கூடத் தாங்காது. விடியற்காலை 4 மணிக்குச் சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டால் அன்றைய விளைச்சல் அங்கேயே வாடிப்போகும். ஆகவே சொந்த வண்டியின் லாபம் முழுவதும் அதன் இஞ்சின் நிற்காமல் ஓடுவதைப் பொறுத்தது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

பெயிண்ட்டைப் பார்த்து வண்டி வாங்கக் கூடாது என்பதற்கு 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் ஒன்றே போதுமான சாட்சி. டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த பெருமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை உபரிநீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தெருவில் நின்ற கார், வேன், லாரி யாவும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் மறுபடியும் இதே நிலை ஏற்பட்டது.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது தெரியாமல் செல்ப் அடித்தால், மேலே ஏறிவரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும். அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்த ராடு நீளத்தில் சிறிது குறைந்து போவதால் பிஸ்டன் உச்சிவரை எட்டாது. அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறையும். மற்ற சிலிண்டர்கள் இழுத்துக்கொண்டு போவதால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆயில் மாற்றி, சீட்டு மாற்றி, பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே ஒரு குறையும் தெரியாது. ஆனால் வளைந்த ராடு ஒரு நாள் பாரம் ஏற்றிப் போகும் வழியில் முறிந்து இஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும்.

விற்பனைக்கு வரும் பழைய வண்டிகள் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கியவை என்று யாரும் சொல்லவில்லை. மூழ்கியது எது, மூழ்காதது எது என்பதைப் பெயிண்ட் சொல்லாது என்பதே கவனிக்க வேண்டியது. பழைய காப்பீட்டுப் பத்திரங்களைக் கேட்டு வாங்கி, அந்த ஆண்டுகளில் இழப்பீடு பெறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டுக்கு அடியிலும் டாஷ்போர்டின் உட்புறத்திலும் வயர் இணைப்புகளிலும் காய்ந்த வண்டல் படிந்திருக்கிறதா என்று டார்ச் விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்ப்ரஷனை அளக்க வேண்டும்.

கம்ப்ரஷன் என்றால் என்ன?

கிணற்று மேட்டில் ஆயில் இஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பியவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலேயுள்ள லீவரைத் தூக்கிவிட்டுச் சுற்றும்போது கைப்பிடி இலகுவாகச் சுற்றும். லீவரை விட்டதும் 'கும்' என்று ஒரு எதிர்ப்பு கைக்குத் தெரியும். அந்த எதிர்ப்புதான் கம்ப்ரஷன். எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வழுக்கிக்கொண்டு சுற்றினால், அன்று இஞ்சின் கிளம்பாது என்பது விவசாயிக்குத் தெரியும். லாரியில் கைப்பிடி கிடையாது. செல்ப் மோட்டார் சுற்றிவிடுகிறது. அதனால்தான் கையால் அறிந்ததை அங்கே கருவியால் அறிய வேண்டியிருக்கிறது.

டீசல் இஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் போல, நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. ஜெர்மனியின் ருடால்ப் டீசல் இந்த முறைக்கு 1893-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்று, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் நன்கு இயங்கும் இஞ்சினைச் செய்து காட்டினார். அன்று முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை. காற்று கசிந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் டீசல் முழுவதும் எரியாது. எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும். காலையில் கிளம்ப அடம் பிடிப்பதும், மேட்டில் இழுக்காமல் திணறுவதும், டீசல் அதிகம் குடிப்பதும் இதன் விளைவுகளே.

காற்று கசிவதற்கு வழிகள் மூன்று. ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம். வால்வு சரியாக உட்காராமல் இருக்கலாம். ஹெட் காஸ்கெட் அடிபட்டிருக்கலாம். ராடு வளைந்திருந்தால் காற்று கசியாமலேயே கம்ப்ரஷன் குறையும். இவற்றுள் ரிங் தேய்மானத்துக்கு முக்கியக் காரணம் புழுதி. வயல் பாதையில் போகும் வண்டிக்கு ஏர் பில்டர் சரியாக இல்லாவிட்டால் செம்மண் தூள் உள்ளே போய் லைனரை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். நகர வண்டியை வாங்கிக் கிராமப் பாதையில் ஓட்டப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அளப்பது எப்படி?

சோதனை செய்ய வேண்டியவர் மெக்கானிக். ஆனால் பக்கத்தில் நிற்கும் விவசாயிக்கு முறை தெரிந்திருந்தால்தான் சோதனை ஒழுங்காக நடக்கும்.

வண்டியைப் பார்க்கப் போனவுடன் இஞ்சின் மீது கை வைத்துப் பார்க்க வேண்டும். அது குளிர்ந்திருக்க வேண்டும். வாங்குபவர் வருமுன்பே விற்பவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் கிளம்பாத குறை மறைந்து போகும். குளிர்ந்த நிலையில் ஒரே செல்பில் கிளம்புகிறதா, என்ன நிறத்தில் புகை வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை நீடித்தால் எரியாத டீசல் அல்லது உள்ளே தண்ணீர் கசிவு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம்.

பிறகு இஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிறுத்த வேண்டும். பாட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். செல்ப் மெதுவாகச் சுற்றினால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். ஏர் பில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். வால்வு இடைவெளி சரியாக இருக்க வேண்டும். சிலிண்டருக்கு டீசல் வராமல் நிறுத்திவிட வேண்டும். பின்பு எல்லா இஞ்செக்டர்களையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் இஞ்செக்டர் இருந்த இடத்தில் அடாப்டர் வைத்துக் கம்ப்ரஷன் மீட்டரைப் பொருத்த வேண்டும். அடியில் புதிய செப்பு வாஷர் போடுவது அவசியம். பழைய வாஷரில் கசியும் காற்று இல்லாத குறையைக் காட்டும். செல்ப் அடித்து, முள் ஏறி ஒரே இடத்தில் நிற்கும்வரை சுற்றவிட்டு அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் வண்டிக்குரிய மீட்டரை டீசல் இஞ்சினில் பொருத்தக் கூடாது. டீசலின் அழுத்தம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்; மீட்டர் வெடித்துக் காயம் ஏற்படலாம். அண்மைக் காலத்துக் காமன் ரெயில் வண்டிகளில் இஞ்சின் ஓடும்போது டீசல் பைப்பைத் தளர்த்திப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. அந்தப் பைப்பில் சதுர செண்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும். பீய்ச்சும் டீசல் ஊசி போலத் தோலுக்குள் புகுந்துவிடும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் ஸ்கேனர் கருவியை இணைத்து, எந்தச் சிலிண்டர் பலவீனமானது என்பதை எதையும் கழற்றாமலே ஒப்பிட்டு அறியும் வசதி உண்டு. முதலில் அதைச் செய்துகொண்டு, ஐயம் இருந்தால் மட்டும் இஞ்செக்டரைக் கழற்றலாம்.

எண்கள் சொல்வது என்ன?

நல்ல நிலையிலுள்ள டீசல் இஞ்சின், செல்ப் சுற்றும் வேகத்தில் பொதுவாகச் சதுர செண்டிமீட்டருக்கு 25 முதல் 35 கிலோ வரை காட்டும். ஒவ்வொரு இஞ்சினுக்கும் இந்த அளவு மாறுபடும். வண்டியின் கையேட்டில் கொடுத்துள்ள குறைந்தபட்ச அளவே தீர்ப்பு. மொத்த அளவைப் போலவே சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசமும் முக்கியம். நான்கும் 28, 27, 28, 27 என்று இருந்தால், புதிது போல இல்லாவிட்டாலும் சீராகத் தேய்ந்த இஞ்சின் என்று கொள்ளலாம். 31, 30, 19, 31 என்று இருந்தால் மூன்றாவது சிலிண்டரில் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். எல்லாமே சேர்ந்து மிகக் குறைந்திருந்தால் இஞ்சின் ஓவர்ஹாலுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

குறைந்த சிலிண்டரில் என்ன கோளாறு என்று அறிய இன்னொரு எளிய முறை உண்டு. வண்டி உருளாதபடி கட்டை கொடுத்து, அந்தப் பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், உச்சியில் நிறுத்தி, பஞ்சர் கடையில் உள்ளது போன்ற கம்ப்ரஸரால் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். ஆயில் ஊற்றும் வாய் வழியாகக் காற்று சீறினால் ரிங் அல்லது லைனர். ஏர் பில்டர் பக்கம் சீறினால் உள்வால்வு. சைலன்சர் பக்கம் சீறினால் வெளிவால்வு. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் காஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். எங்குமே அதிகம் கசியாமல் கம்ப்ரஷன் மட்டும் குறைந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். பெட்ரோல் இஞ்சினில் செய்வது போலச் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றிப் பார்ப்பது டீசலில் உசிதமல்ல. பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் இடம் மிகச் சிறியது. ஆயில் கூடிப்போனால் வெள்ளநீர் செய்த சேதத்தை ஆயிலே செய்துவிடும்.

இந்தச் சோதனையின் பயன் வண்டி வாங்கும் நாளோடு முடிவதில்லை. வண்டி இழுக்கவில்லை என்று பட்டறைக்குப் போனவுடன், "இஞ்சினை இறக்கினால்தான் ஆகும்" என்று சொல்லப்படுவது வழக்கமாகிவிட்டது. இறக்கிப் பிரித்துப் போட்ட பிறகு, விவசாயி எதற்கும் தலையாட்டித்தான் ஆக வேண்டும். பிரிப்பதற்கு முன் அளந்து பார்த்தால், ஒரு வால்வையோ காஸ்கெட்டையோ சரிசெய்தால் போதும் என்ற நிலை தெரிய வரலாம். கம்ப்ரஷன் எல்லாச் சிலிண்டரிலும் நன்றாக இருந்து வண்டி திணறினால் குறை இஞ்செக்டரிலோ பில்டரிலோ பம்பிலோ இருக்கும். போர் செய்யத் தேவையே இருக்காது. வயிற்று வலிக்கு வந்தவரைச் சோதித்துப் பார்க்காமல் அறுவை செய்யும் மருத்துவரை யாரும் ஏற்பதில்லை. இஞ்சினுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

செத்துப்போன மீட்டர்கள்

கம்ப்ரஷன் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை செய்வது. அன்றாடம் இஞ்சினைக் காவல் காப்பவை டாஷ்போர்டில் உள்ள மீட்டர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இவை முள் அசையாமல் கிடக்கின்றன. "அது வேலை செய்யாட்டி என்ன, வண்டி ஓடுதில்லே" என்று டிரைவர் சொல்வதை உரிமையாளரும் ஏற்றுக்கொண்டு விடுகிறார். காவல் நாயை விரட்டிவிட்டுக் களத்து மேட்டில் தூங்குவதற்கு இது ஒப்பாகும்.

ஆயில் பிரஷர் மீட்டர் முதலாவது. சூடான இஞ்சின் ஓட்ட வேகத்தில் பெரும்பாலும் சதுர செண்டிமீட்டருக்கு 3 முதல் 5 கிலோ வரை காட்டும். மெதுவாக ஓடவிடும்போது 1 கிலோ அளவுக்காவது நிற்க வேண்டும். சூடேறிய பிறகு முள் அடியோடு விழுந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம், ஆயில் டீசல் கலந்து நீர்த்திருக்கலாம், பம்ப் பழுதாகியிருக்கலாம். ஓடும்போது முள் திடீரென்று விழுந்தால், ஓரமாக நிறுத்தி உடனே இஞ்சினை அணைக்க வேண்டும். சந்தைக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான் என்று ஓட்டினால், அந்தத் தூரத்துக்குள்ளேயே கிராங்க் கடித்துக்கொள்ளும்.

மீட்டருக்குப் பதில் விளக்கு மட்டும் உள்ள வண்டிகளில் ஒரு சோதனை: சாவியைத் திருப்பியதும், இஞ்சின் கிளம்புமுன், சிவப்பு விளக்கு எரிய வேண்டும், கிளம்பியதும் அணைய வேண்டும். சாவி போட்டவுடன் எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது கழற்றப்பட்டிருக்கலாம். பழைய வண்டி வாங்கும்போது இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். மீட்டர் காட்டுவதில் ஐயம் இருந்தால், மெக்கானிக்கிடம் உள்ள தனி பிரஷர் மீட்டரை இஞ்சினிலேயே பொருத்தி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

வெப்ப மீட்டர் இரண்டாவது. சாதாரணமாக 75 முதல் 95 டிகிரிக்குள் முள் நிற்கும். அண்ணா சாலையிலும் அடையாறு சந்திப்பிலும் கோடையில் அடி அடியாக நகரும்போது ரேடியேட்டருக்குக் காற்று போதாது. அப்போது முள் மேலே ஏறுவதைக் கண்டு, ஓரம்கட்டி ஆறவிடுகிறவரின் காஸ்கெட் பிழைக்கும். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது.

சென்னைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. கடலை ஒட்டிய மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. வழியில் கிடைத்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், கிணற்று மோட்டார்க் குழாயில் படிவது போலவே உள்ளே உப்புக்காரை படிந்து வழியை அடைத்துவிடும். கூலண்ட் கலந்த நல்ல நீரை ஒரு கேனில் வண்டியிலேயே வைத்திருப்பது நலம். வண்டி சூடாகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கமும் தவறானது. அப்போது இஞ்சின் போதிய சூட்டுக்கு வராமலே ஓடி, லைனர் விரைவில் தேயும். ஆயிலும் நீர்த்துப் போகும்.

மூன்றாவதாக, ஏர் பிரேக் உள்ள லாரிகளில் காற்றழுத்த மீட்டர். உரிய அழுத்தம் ஏறும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. இது இஞ்சினைக் காப்பது மட்டுமன்று, உயிரைக் காப்பது. நான்காவதாக, டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயில் பார்ப்பது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது; அளவு தானே கூடியிருந்தால் டீசலோ தண்ணீரோ கலந்துவிட்டது. எதுவாயினும் வண்டியைக் கிளப்பக் கூடாது.

சொல்லப்படும் தடைகள்

அனுபவமுள்ள மெக்கானிக்குக் காதே போதும், கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மெக்கானிக்கின் காதுக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் காது கேட்டதை எழுதி வைக்க முடியாது. போன ஆண்டு 29, இந்த ஆண்டு 26 என்ற எண்ணை எழுதி வைக்க முடியும். ஒரு சிலிண்டர் மெல்லப் பலமிழப்பது காதில் விழுவதற்கு முன்பே காகிதத்தில் தெரிந்துவிடும்.

இஞ்செக்டரைக் கழற்ற விற்பவர் சம்மதிக்க மாட்டார் என்பது அடுத்த தடை. இதில் ஓரளவு நியாயம் உண்டு. கழற்றி மாட்டும் கூலியும் வாஷர் செலவும் வாங்குபவருடையது என்று முதலிலேயே பேசிக்கொண்டால் பெரும்பாலும் தகராறு எழாது. அப்படியும் மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம். பல்லைப் பார்க்கவிடாத மாட்டை யாரும் பிடிப்பதில்லை.

கருவிக்கு எங்கே போவது என்ற கேள்வி சென்னையில் எழக் கூடாது. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜி.பி. ரோடு முழுவதும் மோட்டார் உதிரி பாகக் கடைகள். புதுப்பேட்டையில் பழைய பாகங்களின் சந்தை. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆனதும், 1960-இல் டாபே டிராக்டர் நிறுவனம் தோன்றியதும் இந்த நகரில்தான். இஞ்சின் செய்யும் ஊரில் இஞ்சினைச் சோதிக்கும் கருவிக்குப் பஞ்சமில்லை. சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

செய்ய வேண்டியவை

ஒரு தனி விவசாயி கம்ப்ரஷன் மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ, உறுப்பினர்களின் இஞ்சின்களுக்கேற்ற அடாப்டர்களுடன் ஒரு நல்ல மீட்டர் வாங்கி வைக்கலாம். லாரி, டிராக்டர், ஆயில் இஞ்சின் மூன்றுக்கும் அது உதவும்.

வேளாண் பொறியியல் துறையின் தலைமை அலுவலகம் தியாகராய நகரை அடுத்த நந்தனத்தில் இருக்கிறது. டிராக்டரும் பிற இயந்திரங்களும் குறைந்த வாடகைக்கு விவசாயிகளுக்குக் கிடைக்க இத்துறை வகைசெய்து வருகிறது. பழைய டிராக்டரோ சரக்கு வண்டியோ வாங்கும் விவசாயிக்கு, நியாயமான கட்டணம் பெற்றுக்கொண்டு, கம்ப்ரஷனும் ஆயில் அழுத்தமும் அளந்து கையெழுத்திட்ட சீட்டு ஒன்று கொடுக்கும் பணியையும் இத்துறை மேற்கொண்டால் பெரும் உபகாரமாக இருக்கும். மண்ணைப் பரிசோதித்து அட்டை கொடுக்கும் ஏற்பாடு இருக்கும்போது, இஞ்சினைப் பரிசோதித்து அட்டை கொடுப்பது இயலாத காரியமல்ல. தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பயிலும் மாணவர்களுக்கும் இது நல்ல கைப்பழக்கம் தரும்.

வண்டி வாங்கிவிட்டவர்கள் நாளையே செய்யக்கூடியது, ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி வண்டியில் வைப்பது. ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசல், ஆயில் மாற்றிய தேதி, சூடேறிய பின் ஆயில் பிரஷர், வெப்ப மீட்டர் நின்ற இடம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை எழுதி, ஆண்டுக்கொருமுறை கம்ப்ரஷன் அளவையும் குறித்து வர வேண்டும். பங்குதாரர் நால்வரும் மாதம் ஒருமுறை கூடி அதைப் படித்தால் வண்டியின் உடல்நிலை எல்லோருக்கும் தெரியும். பிற்பாடு ஒருவர் மேல் ஒருவர் பழிபோட இடமிராது. வண்டியை விற்கும் காலத்தில் அந்த நோட்டே நல்ல விலையும் பெற்றுத் தரும்.

கூட்டாக வாங்கிய வண்டி கெட்டால் பணம் மட்டும் போவதில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்யலாம் என்ற நம்பிக்கையும் போய்விடுகிறது. அடுத்த முறை கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். கீரைக்கட்டு மறுபடியும் வாடகை வண்டியில் ஏறும். அதைத் தடுக்க ஒரு காலைப்பொழுதும், ஒரு மெக்கானிக் கூலியும், சில செப்பு வாஷர்களும் போதும். இந்த வாரம் வண்டி பார்க்கக் கிளம்புகிறவர்கள் முன்பணத்தை மடியிலேயே முடிந்து வைத்துக்கொண்டு, முதலில் கம்ப்ரஷன் மீட்டரை நீட்டட்டும்.